பெரட்டில் நிற்கிறவர்கள்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் உனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்ததாக உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம் அம்மா. கூடவே, "பாதிப் பேர் முறைக்கிறார்கள், மீதிப் பேர் சிரிக்கிறார்கள், ஒருத்தரும் மதிக்கவில்லை" என்று நீ அழுததையும் சொன்னான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முகத்தைப் பார்த்து மனசை அறிகிற குறிப்பறிதலுக்கு வள்ளுவர் 71, 110 என்று இரண்டு அதிகாரம் வைத்தார். ஒன்று அரசவைக்கு, இன்னொன்று காதலுக்கு. இரண்டிலும் பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஒரே பழக்கவழக்கத்தில் வளர்ந்தவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற உன் பெரட்டில் வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியர், நம்மவர் சிலர் என்று கலந்து நிற்கிறார்கள். அங்கே முகத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதே. அந்த ஆளின் நாள் எப்படிப் போகிறது என்று விசாரி.

காலையில் கண் சிவந்து நிற்கிறவனைக் குடிகாரன் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். டாக்கா நமக்கு 2 மணி நேரம் பின்னால். அங்கே பிள்ளை சாப்பிட்டுப் படுக்கப் போகிற 9 மணிக்கு இங்கே 11. நேப்பாளத்துக்கு இன்னும் 15 நிமிடம் கூட. அந்தக் குளிரில் லயத்துக்கு வெளியே, போன் லைன் கிடைக்கிற மேட்டில், போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்று வீட்டாரோடு பேசுவார்கள். விடிந்தால் பெரட்டு. கண் சிவக்காமல் என்ன செய்யும்?

நிறுவையில் நிற்கும்போது இன்னும் கவனமாக இரு. மழை நாளில் கொழுந்து நனைந்து வரும், ஈரத்துக்கு எடை கழிப்பாய். அப்போது அவன் தராசைப் பார்ப்பான், உன் பேனாவைப் பார்ப்பான், கடைசியில்தான் உன்னைப் பார்ப்பான். நீ முறைப்பு என்று நினைப்பது, மனசுக்குள் கூலியைக் கூட்டிப் பார்க்கிறவனின் முகம். தராசை அவன் பக்கம் திருப்பி வை. எத்தனை கிலோ கழிக்கிறாய், எதற்காக என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுது. திட்டும்போது சிரிக்கிறவன் பெரும்பாலும் கூச்சத்தில் சிரிக்கிறான், நம் ஊர்ப் பையன்களும் அப்படித்தான். பெரட்டில் எல்லார் முன்னாலும் கேட்காதே, நிரை முடிகிற இடத்தில் தனியாகக் கேள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1929-ல் ரஸ்ஸல் துரை ‘போ’ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்த காலத்தில், மலாயாத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கூட்டி வந்தவர்கள் கங்காணிகள். பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர்களையே அழைத்து வந்தார்கள். யாருக்கு யார் சொந்தம், யாருக்கு எவ்வளவு கடன், யார் வீட்டில் பெண் கல்யாணத்துக்கு நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அதை வைத்து ஆபத்துக்கு உதவியவர்களும் உண்டு, ஆளைக் கடனில் கட்டிப்போட்டவர்களும் உண்டு. அடுத்தவர் மனசு தெரிவதாலேயே யாரும் நல்லவராகிவிடுவதில்லை. ஒருவனுடைய வீட்டுக் கஷ்டம் உன் காதுக்கு வந்தால், அதைக் காட்டி ஓவர்டைம் வாங்காதே. இன்னொருவரிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதே.

உன்னையும் பார்த்துக்கொள். மனிதவளப் பாடத்தில் ஆர்லி ஹாக்‌ஷீல்டைப் படித்திருப்பாய். விமானப் பணிப்பெண்களின் சிரிப்பும் உழைப்புதான் என்று 1983-ல் எழுதியவர். சுங்கை பாலாஸ் தோட்டத்தில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீர் கொடுக்கிற பிள்ளைகளுக்கும் அது பொருந்தும், பகல் முழுக்கக் கோபத்தை விழுங்குகிற உனக்கும் பொருந்தும். விழுங்கியது சாயங்காலம் அம்மாவிடம்தான் வெடிக்கும். "கோபம் உன் மேல் இல்லம்மா" என்று அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. அவளுக்கும் உன்னைப் பற்றிக் கவலை இருக்கிறது.

சம்பளம் போட்ட மறுநாள் பல பேர் அரைநாள் லீவு கேட்பார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பத் தானா ராத்தா டவுனுக்குப் போக வேண்டியிருக்கும். அன்றைக்குத் தோட்டத்து லோரி அந்தப் பக்கம் போகுமா என்று ஆபீஸ் கிராணியிடம் இப்போதே கேட்டு வை.

அன்புடன்,
பெரியப்பா