மக்காச்சோள மாநிலத்தின் செனட்டர்

கேள்வி: அமெரிக்க செனட்டர்கள் கட்சி சொல்வதைக் கேட்பார்களா, சொந்த மாநிலம் சொல்வதையா?

பதில்: அயோவாவின் சக் கிராஸ்லியைப் பாருங்கள். 1981 முதல் செனட்டர், விவசாயி, பழுத்த குடியரசுக் கட்சிக்காரர். ஆனாலும் காற்றாலை மின்சாரத்துக்கு 1992இல் வரிச்சலுகை வாங்கித் தந்தவர் அவர்தான். அங்கே மக்காச்சோள வயலின் நடுவிலேயே காற்றாலை நிற்கும். அதைச் சுற்றி உழுதபடியே விவசாயி நிலவாடகையும் வாங்குவார். மக்காச்சோள விளைச்சலில் பெரும்பங்கு எத்தனால் என்ற எரிபொருளுக்குப் போகிறது. எண்ணெய் நிறுவனங்கள் எவ்வளவு எதிர்த்தாலும் அதை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. இளைஞர்கள் வெளியேறிய சிற்றூர்களில் முதியவர்கள் அதிகம். கிராம மருத்துவமனைகளுக்காக அவர் போராடுவது அதனால்தான். இதைச் சந்தர்ப்பவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். குடியேற்றத்தில்தான் எனக்கு இடிக்கிறது. இறைச்சி ஆலைகளில் உழைப்பவர்களில் குடியேறியவர்கள் ஏராளம். அவரோ கடுமையான சட்டம் கேட்கிறார். அந்தத் தொழிலாளர்களில் பலருக்கு வாக்குரிமை இல்லை.