மேடைக்கு வயதுச் சான்றிதழ் இல்லை
பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள்



ஊர் விழாக்களில் இரவு நேரத்தில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் நாகரசம்பட்டியில் வாழும் நமக்குப் புதியவை அல்ல. எல்லா நிகழ்ச்சியும் ஆபாசமானதல்ல. ஆனால் சில மேடைகள் எல்லை மீறும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளே. இதை ஒரு சமயத்தாரின் குறையாகப் பேசுவது சரியல்ல. பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

சினிமா: 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை 18 வயது நிரம்பாதவர்களுக்குத் திரையிடக் கூடாது.

புத்தகம், படம், செல்போன்: 18 வயதுக்குட்பட்டவருக்கு ஆபாசப் பொருளை விற்பதும் காட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதா 295ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை 3 ஆண்டுகள் வரை சிறை. மீண்டும் செய்தால் 7 ஆண்டுகள் வரை. பாலியல் நோக்குடன் குழந்தைக்கு ஆபாசக் காட்சியைக் காட்டினால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் பாயும்.

மேடை: இங்கே சினிமாவைப் போல வயதுச் சான்றிதழ் முறை கிடையாது. சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு பொது இடத்தில் ஆபாசச் செயலையும் பாட்டையும் தடுக்கிறது. தண்டனை 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அச்செயல் 'பிறருக்குத் தொல்லை' தந்ததாக இருக்க வேண்டும். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தால் வழக்கு நிற்பது கடினம். அதாவது, பெரியவர் ஒருவராவது "இது தவறு" என்று சொன்னால்தான் இந்தச் சட்டத்துக்கு உயிர் வரும்.

சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது ஆபாச அசைவு, இரட்டை அர்த்தப் பாடல் கூடாது என்று பல வழக்குகளில் நிபந்தனை விதித்துள்ளது. நிபந்தனை மீறப்பட்டதைச் சொல்லவும் ஆள் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. விழாவுக்கு முன்பே ஜமாஅத் பெரியவர்கள், வார்டு உறுப்பினருடன் சென்று விழாக் குழுவினரிடம் பேசலாம். நட்பாகக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

2. மேடை எல்லை மீறினால் முதலில் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறகு 112க்குத் தெரிவியுங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

3. அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். ஆபாசக் காட்சியைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவின்படி குற்றம்.

4. சிறுவர், சிறுமியரையே அப்படி ஆட வைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் அதைத் தெரிவிப்பது போக்சோ 19ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரின் கடமை.

5. ஆடும் பெண்களை இழிவாகப் பேசாதீர்கள். பிழைப்புக்காக வந்தவர்கள் அவர்கள். பொறுப்பு ஏற்பாடு செய்தவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் உண்டு.

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30ஆம் வசனத்தில் ஆண்களுக்கும், அடுத்த வசனத்தில் பெண்களுக்கும் வருகிறது. முதலில் சொல்லப்பட்டவர்கள் ஆண்கள் என்பதைத் தந்தையரும் அண்ணன்மாரும் கவனிக்க வேண்டும். தந்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதை, பிள்ளையிடம் பார்க்காதே என்று சொல்லிப் பயனில்லை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.