ஆளைப் பார்த்துக் கூப்பிடு

கர்த்தருக்குள் பிரியமான மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. நீ போனில் அனுப்பிய நீளமான செய்தியைப் படித்தேன். அதிலேயே பதில் தட்ட எனக்குக் கண்ணும் பொறுமையும் கிடையாது. அதனால்தான் இந்தத் தாளும் தபாலும்.

வாலிபர் ஐக்கியத்துக்கு உன்னைச் செயலாளராகப் போட்டதில் சந்தோஷம். ஆனால் நீ எழுதியது முழுக்க ஆவலாதியாக இருக்கிறதே! குரூப்பில் ‘ஆமென்’ போட நூறு பேர், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூப்பிட்டால் நாலு பேர். சென்னை சபையில் அன்பே இல்லை, ஊரில் அப்படியில்லை என்கிறாய். ஊரில் இருக்கிற என்னிடமே இதைச் சொல்லாதே. இங்கே சபைத் தேர்தல் வந்தால் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை.

எபிரெயர் நிருபம் பத்தாம் அதிகாரத்தைக் குறிப்பிட்டிருந்தாய். சபை கூடிவருவதை விட்டுவிடக் கூடாது என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வராதவர்களை அதனால் அடிப்பது நம் ஆட்களுக்குப் பழகிப்போனது. அதற்கு முந்தின வசனத்தைப் படி. அன்பும் நற்கிரியையும் எழும்ப வேண்டுமானால் முதலில் ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே வாசித்தால், அந்தக் கடிதம் யாருக்குப் போனது என்பதும் தெரியும். ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்தவர்கள், சிறையில் கிடந்தவர்களுக்காகப் பரிதபித்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே நடுவில் சோர்வு வந்திருக்கிறது. உன் சபையாருக்கு வந்தால் அதிசயமா?

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். எல்லாரையும் பொதுவாகக் கூப்பிடுவதை நிறுத்து. ‘விருப்பமுள்ளோர் வரவும்’ என்று அறிவிப்புப் போட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு விருப்பம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். இன்னாருக்கு இன்ன வேலை வரும் என்று ஆளைப் பார்த்துக் கேள். அதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஐக்கியத்தில் வேலை தேடி அலைகிறவன் யார், அம்மா படுக்கையில் இருப்பதால் வர முடியாதவள் யார் என்று உனக்குத் தெரியுமா? உன் செய்தியில் ஒரு ஆள் பேர்கூட இல்லை. ‘நம்ம ஜனங்கள்’ என்றுதான் இருந்தது.

நம் கோயில் அசன விருந்தை நினைத்துப்பார். சின்னதில் நீ பாயசத்துக்குப் பின்னாலேயே திரிந்தாய், மற்றதைப் பார்த்திருக்க மாட்டாய். முந்தின நாள் சாயங்காலமே காம்பவுண்டில் அடுப்பு தோண்டிவிடுவார்கள். செம்புக் கிடாரங்கள் வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக அரிவாள்மனையோடு உட்கார்ந்து கத்திரிக்காயும் வாழைக்காயும் நறுக்குவார்கள். விடியும்முன்னே சோற்றை வடித்து, பாய் விரித்து வெள்ளை வேட்டியில் மலைபோல் கொட்டுவார்கள். அந்தக் கிடாரத்துப் பக்கத்தில் ராத்திரி முழுக்கத் துடுப்போடு நிற்கிற ஒருவர் இருக்கிறார். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் கோயில் வாசல்படி மிதிக்க மாட்டார், குடிப்பழக்கமும் உண்டு. நம் சபையின் பழைய போதகர் ஐயர் ஒருவர் அவர் வீட்டுக்கே போய், சோற்றுப் பதம் உங்களைவிட யாருக்கும் தெரியாது, நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று கேட்டாராம். அன்றிலிருந்து நிற்கிறார். அந்த வாரம் மட்டும் குடிப்பதில்லை. அவர் முழுக்க மாறிவிட்டார் என்று சாட்சி சொல்ல நான் வரவில்லை. அந்த ஒரு வாரத்துக்காக அவர் மனைவி வருஷம் முழுக்க ஜெபிக்கிறாள், அவ்வளவுதான்.

நம் முன்னோர் செய்ததும் இப்படிக் கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்துச் செய்ததுதான். மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் இருந்த காலத்தில், ஞானஸ்நானம் எடுத்தவர்கள் நிலமும் குடிசையும் பிடுங்கப்பட்டு விரட்டப்பட்டார்கள். 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்று தொடங்கி, சபையார் கொடுத்த பணத்தில் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார்கள். என் அம்மாவும் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். மாதம் முடிந்ததும் அது கோயிலுக்குப் போகும். நாங்கள் அரை வயிறு சாப்பிட்ட நாளிலும் அந்தப் பானையில் கைவைக்க முடியாது.

இன்னொன்று. 1902இல் நம் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே வெளியூருக்கு மிஷனரி அனுப்புவதைப் பார்த்தார். மறு வருஷமே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. யாழ்ப்பாணத்தார் நம்மைத் திட்டவில்லை. தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள், பார்த்த மனுஷனுக்கு வெட்கமும் வைராக்கியமும் வந்தது. அதே அசரியா 1910இல் எடின்பரோவில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த மாநாட்டில் எழும்பி, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், இனி சிநேகிதர்களாக வாருங்கள் என்கிற கருத்தில் பேசினார். கேட்டவர்கள் நெளிந்தார்கள் என்பார்கள். உன் ஐக்கியம் ஏழைகளுக்கு உதவிப் பை கொடுக்கும்போது இது நினைவிருக்கட்டும். பையோடு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டால், வாங்கினவன் அடுத்த ஞாயிறு உங்கள் பெஞ்சில் எப்படி வந்து உட்காருவான்?

ஆஸ்பத்திரி விஷயம். போன வருஷம் நம் சபையில் ஒரு பெண்ணின் புருஷன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். ஜெபம் பண்ணக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்த அழுக்குத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், துவைத்து, மடித்து மறுநாள் கொண்டுவந்தாள். ஜெபம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? சுருக்கமாகப் பண்ணு. பிறகு ராத்திரி துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேள். நீ கூப்பிட்டு வந்த அந்த நாலு பேர் போதும், ஆளுக்கு ஒரு ராத்திரி.

யூடியூபில் ஆராதனை பார்க்கிறவர்களைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தாய். வயசாளிகளுக்கு அது ஆசீர்வாதம். குறை எங்கே என்றால், வீட்டில் இருக்கிறவர் ஐயரைப் பார்க்கலாம், ஆனால் வீட்டில் இருக்கிறவர் மெலிந்துபோனதை யாரும் பார்க்க முடியாது. அதனால் ‘ஏன் வரவில்லை’ என்று போன் போடாதே. வீட்டுக்குப் போ. நீங்கள் இல்லாமல் பின்வரிசையில் பாட்டு இழுக்க ஆள் இல்லை என்று சொல், அது உண்மையாக இருந்தால். வண்டி வைத்திருக்கிற பையன் ஒருவனைப் பார்த்து, அந்தத் தாத்தாவை நீதான் ஞாயிற்றுக்கிழமை கூட்டிவர வேண்டும் என்று ஒப்படை.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். நம் ஊரில் இந்தக் கவனிப்பு பெரும்பாலும் சொந்த சாதியோடு நின்றுவிடுகிறது. அசனப் பந்தியில் எல்லாரும் ஒன்றாக உட்காருவோம், துக்க வீட்டுக்குப் போவதில் கணக்குப் பார்ப்போம். உங்கள் சபையில் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவர் வீட்டுக்கு ஐக்கியத்தில் யாராவது போயிருக்கிறார்களா? அங்கிருந்து தொடங்கினால் மற்றவர்கள் உன்னைக் கவனிப்பார்கள். சிலருக்குப் பிடிக்காது, அதற்கும் தயாராக இரு.

நன்றாகச் செய்தவர்களிடம் இன்னதைச் செய்தாய், இன்னாருக்கு உதவியாயிற்று என்று தனியாகப் போய்ச் சொல். மேடையில் சால்வை போடாதே, அதில் அடுத்த தேர்தல் ஒளிந்திருக்கும்.

இந்த வருஷம் அசனத்துக்குக் கட்டாயம் வா. முந்தின நாளே வந்துவிடு, தேங்காய் துருவ ஆள் குறைவு. உன் குரூப்பில் ‘ஆமென்’ மட்டும் போடுகிற பையன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் பேரை முன்கூட்டியே எனக்கு எழுது, படுக்கை போட வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை