கடற்காகம் பார்க்க எங்கே போகலாம்? சாங்கியா, நீரிணையா, கோடியக்கரையா

சிங்கப்பூர்க் கடற்கரையில் நின்று கடற்காகம் தேடுகிறவர் பெரும்பாலும் ஏமாந்துதான் வீடு திரும்புவார். நாலாபுறமும் கடல், ஓயாத கப்பல் போக்குவரத்து, மீன்பண்ணைகள் எல்லாம் இருந்தும் இங்கே கூடு வைக்கும் கடற்காகம் ஒன்றுகூடக் கிடையாது. பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும் குளிர்காலத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு வந்து போகும். செய்தி பரவியதும் பறவை ஆர்வலர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஐரோப்பியப் புத்தகங்களில் 'சாதாரணக் கடற்காகம்' என்று போட்டிருக்குமே, அந்த இனம் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

கடற்காகங்களில் பெரும்பாலானவை குளிர்ப்பிரதேசங்களில் குஞ்சு பொரிப்பவை. திபெத், லடாக் பகுதியின் உயரமான ஏரிகளில் கூடு வைக்கும் பழுப்புத்தலைக் கடற்காகம், ஏரி உறையத் தொடங்கியதும் இந்தியக் கரைகளுக்கும் தாய்லாந்து வளைகுடாவுக்கும் இறங்குகிறது. அங்கேயே தீனி தாராளமாகக் கிடைக்கிறது. பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் வர அதற்கு அவசியமில்லை.

ஆகவே லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் குடியிருப்பவருக்கு இரண்டு வழிகள். கடற்காகத்தின் குடும்பத்தையே சேர்ந்த ஆலாவை இங்கேயே பார்க்கலாம். அல்லது ஊருக்குப் போகும்போது கடற்காகத்தை அது திரளும் இடத்தில் பார்க்கலாம். இரண்டையும் இதே வரிசையில் செய்யுங்கள் என்பேன். ஒரு பருவம் ஆலாவைப் பார்த்துக் கண் பழகியவருக்கு, நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வெண்சாம்பல் கூட்டத்தில் எது எது என்று பிரித்தறிவது சிரமமாக இருக்காது.

ஆலா ஒல்லியான பறவை. கூரிய அலகு, நீண்டு குறுகிய சிறகு, பெரும்பாலானவற்றுக்குப் பிளவுபட்ட வால். பறக்கும்போதே தலையைக் குனிந்து நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும், மீன் தெரிந்த கணத்தில் தலைகீழாகப் பாயும். கடற்காகத்துக்குத் தடித்த உடம்பு, அகன்ற சிறகு, நுனி சற்றே வளைந்த அலகு. அது தண்ணீரில் வாத்துப் போல மிதந்து ஓய்வெடுக்கும். ஆலா அநேகமாகத் தண்ணீரில் உட்காராது, ஒரு கம்பத்தையோ மிதவையையோ மரக்கட்டையையோ தேடிப்போகும். தொலைவில் நிறம் தெரியாத வெளிச்சத்தில்கூட இந்த ஒரு வித்தியாசம் போதும்.

முதலில் உள்ளூர் இடங்களைப் பார்ப்போம். பறவை பார்க்க வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் சுங்கை பூலோ என்பார்கள். 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு 2002இல் சதுப்புநிலக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அருமையான இடம் அது. ஆனால் அதன் சிறப்பு உள்ளான்களும் கொக்குகளும். ஆலாவுக்காக மட்டும் கிராஞ்சி வரை போவது வீண். அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த மாலையில் போய்வர ஏற்றது மரினா அணைக்கட்டு. லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறினால் ரயில் மாறாமலே பேஃபிரண்ட் போய்விடலாம். அங்கிருந்து கரையோரப் பூங்கா வழியே நடந்தால், 2008இல் திறக்கப்பட்ட அந்த அணைக்கட்டு. ஒருபுறம் நன்னீர்த் தேக்கம், மறுபுறம் கடல். இங்கே கவனிக்க வேண்டியது சின்ன ஆலா. ஒரு சாண் நீளத்துக்குச் சற்றே கூடுதலான உடம்பு, ஐம்பது கிராம் அளவுக்கு எடை. ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, விழுந்து, எழுந்து, மறுபடியும் நிற்கும். இனப்பெருக்கக் காலத்தில் அலகு மஞ்சளாகி நுனி மட்டும் கறுத்திருக்கும், நெற்றியில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும்.

இந்தச் சின்ன ஆலாவின் கதை சிங்கப்பூரின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் உடனே கட்டடம் எழும்பாது. மண் இறுகுவதற்காக அது சில ஆண்டுகள் வெறுமனே கிடக்கும். செடிகொடி மூடாத அந்த மணற்பரப்புதான் சின்ன ஆலாவுக்குப் பிடித்தமான கூட்டிடம். துவாஸ், சாங்கி பக்கத்துத் தூர்த்த நிலங்களில் அது மணலில் ஒரு சிறு குழி பறித்து, மணல் நிறத்திலேயே முட்டையிட்டு அடைகாத்திருக்கிறது. புல் முளைத்தாலே அந்த இடம் அதற்கு உதவாது. சாலை வந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் இந்த நாடு விட்டுவைக்கும் இடைவெளியில்தான் அது குடும்பம் நடத்துகிறது. உள்ளூரில் அழியும் நிலையில் உள்ள பறவைகளின் பட்டியலில் இது இடம்பெற்றிருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. தடுப்புவேலிக்கு அப்பால் கூட்டம் தெரிந்தால் வெளியே நின்றே பாருங்கள். வெயிலில் தாய்ப்பறவை எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்கு ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையில் இருந்தால், குழந்தைகளும் உடன் வந்தால், சாங்கிதான் என் தேர்வு. பூகிஸில் கிழக்கு-மேற்குப் பாதைக்கு மாறி, தானா மேராவில் இறங்கி, 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் உபின் தீவுக்குப் பம்போட் கிளம்பிவிடும், சில வெள்ளிதான் கட்டணம். பயணம் சிறியது. ஆனாலும் ஜொகூர் நீரிணையின் மிதக்கும் மீன்பண்ணைகளையும் மிதவைகளையும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது. வலசைப் பருவத்தில் அவற்றின் கம்பங்களில் கொண்டை ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அலகு மஞ்சளாக இருந்தால் பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சாக இருந்தால் அதைவிடச் சிறிய இனம். பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு பெரியவர்களைத் திருத்தத் தொடங்குவார்கள். உடம்பு முழுக்க வெண்மை, கண்ணிலிருந்து பிடரிக்கு ஓடும் ஒரு கரும்பட்டை என்று தெரிந்தால் அது கரும்பிடரி ஆலா. இங்கேயே கடற்பாறைகளில் கூடு வைத்து வாழும் பறவை, சிங்கப்பூர்க் கடற்பறவைகளில் என் கண்ணுக்கு மிக அழகானது.

உபினில் இறங்கியவர்கள் செக் ஜாவாவுக்கும் போகலாம். தூர்க்கப்படவிருந்த அந்தக் கரையை 2001இல் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எழுப்பிய குரல் காப்பாற்றியது. 2007இல் நடைபாலம் திறக்கப்பட்டது. அங்கே போவதானால் ஓத அட்டவணையைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் மூன்று மீட்டர் வரைகூட மாறும். நீர் வேகமாக ஓடும் நேரத்தில் ஆலாக்கள் இரை தேடிப் பறக்கும், நீர் தேங்கி நிற்கும் நேரத்தில் கம்பங்களில் ஓய்வெடுக்கும். பறப்பதை ரசிக்க வேண்டுமா, உட்கார்ந்திருக்கும் பறவையை நிதானமாக அடையாளம் காண வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்கு உட்கார்ந்திருக்கும் பறவையே நல்லது.

கொஞ்சம் அனுபவம் வந்தபின் சிங்கப்பூர் நீரிணை. உலகின் மிக நெருக்கடியான கப்பல் வழிகளில் ஒன்றான இந்தக் குறுகிய நீரில் ஓர் ஆச்சரியம் நெடுங்காலம் ஒளிந்திருந்தது. அலாஸ்காவிலும் ரஷ்யாவின் தூரக்கிழக்கிலும் குஞ்சு பொரிக்கும் அலூஷியன் ஆலா குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியாமலே இருந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், படகெடுத்து நீரிணைக்குள் போய்த் தேடத் தொடங்கிய ஆர்வலர்கள், அது இந்த வழியாகவே போய்வருவதைக் கண்டார்கள். மிதக்கும் மரத்துண்டுகளின் மேல் உட்கார்ந்து பயணிக்கும் அதை எண்ணெய்க் கப்பல்களுக்கு நடுவே பார்ப்பது ஒரு பேறு. செப்டம்பர், அக்டோபரில் தெற்கே இறங்கும்போதும் ஏப்ரல், மே வாக்கில் திரும்பும்போதும் ஆர்வலர்கள் செலவைப் பங்கிட்டு வாடகைப் படகு எடுப்பார்கள். அப்படியொரு குழுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

இடம் கிடைக்காவிட்டால், லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்குப் பாதையின் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்டுக்குப் போய் பாத்தாம் படகில் ஏறலாம். ஆனால் விரைவுப்படகின் கண்ணாடிக்குள் உட்கார்ந்து பார்ப்பது பாதிப் பார்வைதான், கடவுச்சீட்டும் வேண்டும். அதைவிட மரினா சவுத் பியரிலிருந்து செயின்ட் ஜான்ஸ், குசு தீவுகளுக்குப் போகும் படகில் திறந்த மேல்தளம் கிடைத்தால் கரும்பிடரி ஆலாவுக்கு நல்ல வாய்ப்பு. கடல் மயக்கம் உள்ளவர்கள் வாடகைப் படகை ஒதுக்கிவிட்டு இதையே தேர்ந்தெடுக்கலாம்.

பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்கி, 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி உள்ளதாக இருக்கட்டும். பத்து மடங்கு என்றால் ஆடும் படகில் பறவை பார்வைக்குள் நிற்காது.

இனிக் கடற்காகம். சிங்கப்பூரிலிருந்து சுலபமாகப் போகக்கூடியது பாங்காக்கை ஒட்டிய பாங் பூ. சமுத் பிரகான் மாகாணத்தில், கடலுக்குள் நீளும் பாலத்தைச் சுற்றி நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆயிரக்கணக்கான பழுப்புத்தலைக் கடற்காகங்கள் திரளும். நகர ரயிலில் கேஹா வரை போய், அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் போதும். வாரக்கடைசியிலேயே போய்வந்துவிடலாம். பறவை கைக்கெட்டும் தூரத்தில் வரும், படம் எடுக்க இதைவிட வசதி கிடையாது. ஆனால் அவ்வளவு அருகில் வருவது மக்கள் பொரித்த பன்றித்தோலைத் தூக்கிப் போடுவதால். எண்ணெய்ப் பண்டத்துக்காக முட்டிமோதும் பறவையைப் பார்ப்பதில் எனக்கு மனம் ஒன்றவில்லை. தன் இரையைத் தானே தேடும் பறவையிடம் உள்ள கூர்மை அங்கே வெளிப்படுவதில்லை. பாங் பூ போனால் பாலத்தை விட்டுச் சேற்றுப்பரப்புப் பக்கம் நின்று பாருங்கள். இந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்துவிடவும் வேண்டாம். 2020 ஜூன் முதல் சிங்கப்பூரில் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். புறாவுக்கு அரிசி போடுவதும் இதில் அடங்கும்.

நம்மில் பலருக்கு எப்படியும் தமிழ்நாட்டுப் பயணம் உண்டு. சென்னைக்காரர்களுக்குப் பழவேற்காடு பக்கம். காலையில் மீன் இறங்கும் நேரத்துக்குப் போனால் படகில் ஏறாமலே கடற்காகம், ஆலா இரண்டையும் பார்க்கலாம். இராமேசுவரம் போகிறவர்களுக்குத் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயல் அழித்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை இருக்கிறது, 2025இல் அங்கே பூநாரைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. இருபுறமும் கடல் என்பதால் பறவை சிதறியிருக்கும், காற்றும் கூட்டமும் அதிகம். கோயில் பயணத்தோடு சேர்த்துக்கொள்ள நல்ல இடம், பறவைக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பறவைக்காகவே ஒரு பயணம் என்றால் கோடியக்கரை. 1967இல் சரணாலயமாகி, 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்த கரை. சதுப்பு, உப்பளம், கடற்கரை, காடு எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதுதான் அதன் பலம். திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியே காரில் நான்கைந்து மணி நேரம். 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பெடுக்க நடந்ததும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத்தான். அந்த உப்பளங்களின் கரைகளில் இன்று கடற்காகங்கள் ஓய்வெடுக்கின்றன.

மீன்பிடிப் பருவத்தில் வெளியூர் மீனவர்களும் வந்து தங்கும் கரை இது. வலை பிரிக்கும் இடத்துக்கு அதிகாலையில் போய், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். குளிர்காலத்தில் பழுப்புத்தலைக்கும் கருந்தலைக்கும் தலை பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்காது, காதருகே ஒரு கரும்பொட்டுதான் இருக்கும். கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கறுத்த கண். பறக்கும்போது சிறகு நுனி கறுத்து அதற்குள் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பழுப்புத்தலை, சிறகின் முன்விளிம்பு நெடுக வெள்ளையாக ஓடினால் கருந்தலை. இவற்றுக்கு நடுவே ஒன்றரை மடங்கு பெரிதாக, மஞ்சள் அலகோடு ஒன்று நிமிர்ந்து நின்றால் அது பெரிய கருந்தலைக் கடற்காகம், பல்லாஸ் என்ற பெயரில் அறியப்படுவது. பிப்ரவரிக் கடைசியில் போகிறவர்களுக்கு தலை நிறம் மாறத் தொடங்கிய பறவைகளும் கிடைக்கும்.

தீபாவளி விடுமுறையில் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பெல்லாம் நீர் நிறைந்து பறவை விலகியிருக்கும், சாலையும் மோசம். பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களே சிறந்தவை. சரணாலயத்துக்குள் போக வனத்துறைச் சோதனைச்சாவடியில் அனுமதி பெற வேண்டும், உப்பளங்களில் வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். பொங்கலுக்கு விடுப்புக் கிடைக்காதவர்களுக்குச் சீனப் புத்தாண்டின் இரண்டு நாள் விடுமுறையோடு வாரக்கடைசி சேர்ந்தால் கணக்குச் சரியாக வரும். அந்த வாரம் திருச்சி விமானச்சீட்டு விலை ஏறிவிடும், அக்டோபரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.