கல்யாண வீடியோ எடிட் பண்ண எந்த பிராசசர், எந்த போர்டு?

கேள்வி: ஐயா, தேனியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. எடிட்டிங்கை இதுவரை வெளியே கொடுத்து வந்தேன். இனி நானே செய்யலாம் என்று கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணத் தீர்மானித்து, வீடியோக்கள் பார்த்து ஒரு பட்டியல் போட்டேன்: ரைசன் 5 5600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.5 ரேம், ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டு, 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., கேபினெட்டோடு வரும் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். கேமரா சோனி ஏ7 ஃபோர். எடிட்டிங் பிரீமியர் ப்ரோவில். இதெல்லாம் ஒன்றோடொன்று சேருமா? பட்ஜெட் இடித்தால் கிராபிக்ஸ் கார்டை மட்டும் பிறகு வாங்கிக்கொள்ளலாமா? அடுத்த வாரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன்.
— வாசகர், தேனி

பதில்: சேராது. முதல் இரண்டு வரியிலேயே இடிக்கிறது. ரைசன் 5 5600 உட்காருவது ஏ.எம்.4 சாக்கெட்டில், பி650 போர்டில் இருப்பது 2022-ல் வந்த ஏ.எம்.5. பழைய சாக்கெட்டுக்கான பிராசசரின் அடியில் ஊசி ஊசியாகப் பின்கள் இருக்கும். புதியதில் அந்தப் பின்கள் போர்டுக்குப் போய்விட்டன. அழுத்திப் பார்த்தால் இரண்டில் ஒன்று வீணாகும். ரேமும் அப்படித்தான். 5600-க்கு டி.டி.ஆர்.4 வேண்டும், நீங்கள் எழுதியிருப்பது டி.டி.ஆர்.5. இரண்டிலும் 288 பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது.

பிராசசர், போர்டு, ரேம் மூன்றும் ஒரே முடிவு. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடியோக்களில் விளையாட்டுக்கான கம்ப்யூட்டரைத்தான் கட்டிக் காட்டுகிறார்கள். உங்கள் வேலை வேறு, அதனால் கேமராவிலிருந்து வருவோம்.

ஏ7 ஃபோரில் எக்ஸ்.ஏ.வி.சி. எச்.எஸ். முறையில் 4:2:2 10 பிட் வைத்து எடுத்தால், பதிவாவது எச்.265 கோப்பு. கார்டில் குறைந்த இடம் பிடிக்கும், கலர் கரெக்‌ஷனுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். டைம்லைனில் போட்டால்தான் தொல்லை தெரியும். அந்தக் கோப்பைப் பிரித்துப் படிக்கும் வன்பொருள் ஆர்.டி.எக்ஸ். 4060-ல் இல்லை. பாரம் முழுக்கப் பிராசசர் தலையில் விழும், தாலி கட்டும் காட்சி விட்டு விட்டு ஓடும். இன்டெல்லின் 11-ம் தலைமுறைக்குப் பிறகு வந்த பிராசசர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இதைச் சுலபமாகப் பிரித்துவிடும். குவிக் சிங்க் என்பது அதன் பெயர். பிரீமியர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். என்விடியா பக்கம் இந்த வசதி ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது.

ஆகவே என் சிபாரிசு: இன்டெல் கோர் ஐ5-14400, பி760 போர்டு, 32 ஜி.பி. ரேம். இப்போதைக்குக் கார்டு இல்லாமலேயே ஆரம்பிக்கலாம். பிளர், நாய்ஸ் ரிடக்‌ஷன் மாதிரி எஃபெக்ட் அதிகம் போட்டால் மெதுவாகும், ஆனால் வெட்டி ஒட்டும் வேலை தடையில்லாமல் நடக்கும். முகூர்த்த சீசன் முடிந்து கையில் காசு வந்ததும் ஆர்.டி.எக்ஸ். 5060 சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய பட்டியலில் இது நடக்காது. 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு போடாமல் மானிட்டரில் ஒன்றும் வராது.

கடைக்காரர் "14400எஃப் இருக்கு சார், கொஞ்சம் விலை கம்மி" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் 'எஃப்' வந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். நாம் இன்டெல் பக்கம் போவதே அதற்காகத்தான்.

போர்டின் பெயரைப் பாதியில் விட்டுவிடாமல் முழுக்கப் படியுங்கள். கிகாபைட்டில் 'பி760எம் டி.எஸ்.3எச்' என்று ஒன்று, 'பி760எம் டி.எஸ்.3எச் டி.டி.ஆர்.4' என்று இன்னொன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ரேம் வேறு. பி760 சந்தைக்கு வந்த பிறகுதான் 14-ம் தலைமுறை வந்தது. ரொம்ப நாள் ஷெல்ஃபில் கிடந்த போர்டு என்றால் பயாஸ் அப்டேட் செய்யாமல் ஆன் ஆகாது. அதனால் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பூட்டி, பயாஸ் திரை வருவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சாக்கெட் மூடியைத் திறக்கும்போது பின்கள் வளையாமல் வரிசையாக இருக்கின்றனவா என்று செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி வாங்குவது பெரும்பாடு. ரேம் 16 ஜி.பி. குச்சியாக இரண்டு வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால் யோசிக்க வேலையில்லை.

கேபினெட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் வாங்காதீர்கள். மேலே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். 18 என்று இருந்தால் அந்த வழியில் கிடைப்பது 216 வாட்தான். பிராசசரும் கார்டும் தின்பது அந்த வழியில்தான். 14400 முழு வேகத்தில் 148 வாட் வரை இழுக்கும், 5060 இன்னொரு 145 வாட். என்விடியா 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். கேட்கிறது. நல்ல கம்பெனியின் 550 வாட்டை இப்போதே போட்டுவிட்டால் பிறகு கழற்ற வேண்டாம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. யு.பி.எஸ்.ஸிலும் இதே கணக்குதான். 600 வி.ஏ. என்று விற்பவற்றில் பல 360 வாட்தான் தாங்கும். கார்டு சேர்ந்த பிறகு மானிட்டரோடு அது போதாது, 1000 வி.ஏ. பாருங்கள்.

மற்றவை சுலபம். எஸ்.எஸ்.டி. உங்கள் தேர்வே சரி, போர்டிலுள்ள எம்.2 ஸ்லாட்டில் உட்காரும். பழைய கல்யாணங்களைச் சேர்த்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். கேபினெட்டில் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு உட்கார வேண்டும், எவ்வளவு நீளமான கார்டு நுழையும் என்பதையும் பாருங்கள். 14400 பெட்டியிலேயே கூலர் வரும்.

கார்டு சேர்க்கும் நாளில் மானிட்டர் கேபிளைப் போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் மாட்டுங்கள். அப்போது சில போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸில் 'ஐ.ஜி.பி.யு. மல்டி மானிட்டர்' என்பதை ஆன் செய்தால் குவிக் சிங்க் தொடர்ந்து வேலை செய்யும்.