படுக்கும் இடமும் ஒரு மருந்துதான்



"ஆஸ்பத்திரியில படுத்தா இருக்கிற வருத்தமும் கூடிப்போகும்" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அதைக் கேட்டு நாம் ஏசிவிடுகிறோம். ஆனால் அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. நல்ல மருந்து கொடுத்தாலும், படுத்திருக்கும் இடம் சரியில்லை என்றால் சுகம் வரத் தாமதமாகும்.

1. காற்றும் சுத்தமும்

1854இல் கிரைமியா யுத்தத்தில் நோயுற்ற, காயப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் துருக்கியில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தாதிமாருடன் அங்கே பணி செய்தார். கட்டிடத்தின் கீழே கழிவுக் கான்கள் அடைபட்டுக் கிடந்தன. வார்ட்டுகளில் காற்றோட்டம் இல்லை. 1855 பெப்ரவரியில் 100 நோயாளருக்குச் சுமார் 42 பேர் இறந்தார்கள். காயத்தால் செத்தவர்களை விட, தொற்று நோயால் செத்தவர்களே அதிகம். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கான்களைக் கழுவி, காற்று வர வழி செய்தது. ஜூனில் அந்தக் கணக்கு சுமார் 2 ஆகக் குறைந்தது.

1859இல் அம்மையார் எழுதிய புத்தகத்தில் முதல் பாடமே காற்றுதான். நோயாளியைக் குளிர விடாமல் சுத்தமான காற்றைக் கொடுக்க வேண்டும் என்கிறார். குளிர் மலையில் வாழும் நமக்கு இது பொருத்தமான புத்திமதி.

2. கண்ணுக்குத் தெரிவது

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ஒப்பரேஷன் செய்த 46 பேரின் பதிவுகளை ரோஜர் அல்ரிச் என்பவர் ஒப்பிட்டார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரம் பார்த்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முந்தி வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இது 1984இல் வெளியானது.

3. சத்தமும் வெளிச்சமும்

பின்லாந்தில் 1933இல் பைமியோ என்ற இடத்தில் காசநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதை வரைந்த அல்வார் ஆல்டோ, "நாள் முழுக்க மல்லாந்து படுத்திருப்பவருக்கு என்ன தெரியும்?" என்ற கோணத்தில் யோசித்தார். கூரைக்குக் கண் கூசாத நிறம் பூசினார். விளக்கைக் கண்ணில் படாமல் வைத்தார். தண்ணீர் விழும் சத்தம் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பாதபடி கைகழுவும் தொட்டியையும் அமைத்தார்.

நாம் செய்யக்கூடியவை

* காம்பராவில் நோயாளியை அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள்.
* குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாக்கால் அடைக்காதீர்கள். கம்பளியால் நன்றாகப் போர்த்திவிட்டு ஜன்னலைத் திறவுங்கள்.
* காலை வெயிலில் சிறிது நேரம் இஸ்தோப்பில் உட்கார வையுங்கள். மலையும் மரமும் நமக்குக் காசில்லாமல் கிடைத்தவை.
* வார்ட்டுக்குப் பார்க்கப் போனால் கூட்டமாய் நின்று சத்தம் போடாதீர்கள்.
* அடைபட்ட கானை, உடைந்த ஜன்னலைக் கண்டால் உடனே தெரிவியுங்கள். அது குறை சொல்வதல்ல, உயிரைக் காப்பது.

ஒன்றை மறக்க வேண்டாம். காற்றும் வெளிச்சமும் மருந்துக்குத் துணை மட்டுமே. டொக்டர் தந்த மருந்தை நிறுத்தக் கூடாது.

கூடிப் பேசுவோம்

1. நம் லயத்தில் நோயாளி எங்கே படுக்கிறார்? அங்கே காற்று வருகிறதா?
2. நம் தோட்ட ஆஸ்பத்திரியில், செலவில்லாமல் நாமே சிரமதானமாகச் செய்யக்கூடிய ஒரு வேலை என்ன?