அயல்மண்ணில் முதல் மாதங்கள்

1961ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்தில் ஓர் அஞ்சலட்டை கீழே கிடந்தது. அதை எழுதியவர், அந்நாட்டுப் பள்ளிகளில் கற்பிப்பதற்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஓர் இளம் தொண்டூழியர். வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நகரின் அழுக்கையும் வசதிக் குறைவையும், மக்கள் தெருவோரத்திலேயே சமைத்து, விற்று, வாழ்வதையும் கண்டு தாம் திகைத்துப்போனதாக ஊரிலிருந்த நண்பருக்கு அவர் எழுதியிருந்தார். அட்டை அஞ்சலில் சேரவில்லை. கல்லூரி மாணவர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார்.

அன்றே அதன் படிகள் வளாகமெங்கும் பரவின. நைஜீரியா விடுதலை பெற்று ஓராண்டுதான் நிறைவடைந்திருந்தது. மாணவர்கள் கொதித்தெழுந்தனர். அமெரிக்கர்கள் வெளியேற வேண்டும் என்று குரல் எழுப்பினர்; உணவுக்கூடத்தில் அவர்களை ஒதுக்கினர். அட்டையை எழுதியவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு நாடு திரும்பினார். எஞ்சியிருந்த தொண்டூழியர்கள் ஒரு கட்டத்தில் உண்ணாநோன்பு இருந்தனர். சில நாள்களுக்குப் பிறகே நைஜீரிய மாணவர்கள் அவர்களோடு பேச முன்வந்தனர்.

கண்ணால் கண்டதைத்தானே எழுதினார், அதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும். அவர் பொய் எழுதவில்லை என்பது உண்மையே. ஆனால், வந்து இறங்கிய சில வாரங்களில் ஒருவருக்கு எது கண்ணில் படும்? தம் ஊரில் இருந்து இங்கு இல்லாதவைதாம் முதலில் படும். தெருவோரத்தில் அடுப்பு மூட்டும் பெண் எத்தனை மணிக்கு எழுந்தாள், அந்த வருமானத்தில் யார் யார் படிக்கிறார்கள் என்பதை அறிய அவளோடு பேச வேண்டும். பேசுவதற்கு மொழி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

அந்தத் தொண்டூழியர் சேர்ந்திருந்த அமைப்பு பீஸ் கோர் எனப்படும் அமெரிக்க அமைதிப்படை. அதே ஆண்டு மார்ச் முதல் நாள் அதிபர் ஜான் எஃப். கென்னடி அதைத் தோற்றுவித்தார். அதற்கு முன்பே, 1958இல், பிரிட்டனில் அலெக் டிக்சன் இளையர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொண்டூழிய அமைப்பைத் தொடங்கியிருந்தார். சரவாக்கில் தாம் கண்டவையும் அந்த எண்ணத்துக்கு அவரைத் தூண்டின. முதலில் சென்ற இளையர்களுள் சிலர் சரவாக்குக்கே வந்தனர். ஜப்பான் 1965இல் இத்தகைய பணியைத் தொடங்கியது. பெயர்கள் வேறு வேறாயினும் ஏற்பாடு ஏறத்தாழ ஒன்றுதான். ஆசிரியர், தாதி, ஆய்வுக்கூட உதவியாளர் முதலியோர் ஓரிரு ஆண்டுகள் வேறு நாட்டில் பணியாற்றுவார்கள். சம்பளத்துக்குப் பதிலாக, அந்நாட்டு மக்களைப் போல் வாழ்வதற்குப் போதுமான படித்தொகை கிடைக்கும்.

மலாயாவுக்கு அமைதிப்படையின் முதல் குழு 1962ஆம் ஆண்டு ஜனவரியில் வந்து சேர்ந்தது. 1983 வரை இங்குப் பணியாற்றியவர்கள் 4,000 பேருக்கும் மேல். கணிதமும் அறிவியலும் கற்பித்தவர்கள், மருத்துவமனைகளில் வேலை செய்தவர்கள், காசநோய் ஒழிப்பில் ஈடுபட்டவர்கள் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். வருமுன் அவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தரப்பட்டது. தென்கிழக்காசியாவுக்கு வரவிருந்தவர்களுக்காக ஹவாயின் வைப்பியோ பள்ளத்தாக்கில் ஓர் ஆசியச் சிற்றூரைப் போலவே பயிற்சி முகாம் அமைத்திருந்தார்கள். ஆனாலும், ஒத்திகையில் கொசு கடிப்பது வேறு. உண்மையான கம்பத்தில், விளக்கை அணைத்த பிறகு தனியே படுத்திருக்கும்போது கடிப்பது வேறு.

முதல் சிக்கல் பெரும்பாலும் குளியலறையிலேயே தொடங்கியது. அந்நாளில் பல வீடுகளில் சிமெண்டுத் தொட்டியில் நீர் நிரம்பியிருக்கும். பக்கத்தில் ஒரு சிறு வாளியோ குவளையோ இருக்கும். மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். அது தெரியாமல் தொட்டிக்குள்ளேயே இறங்கி அமர்ந்துவிட்ட வெள்ளையரைப் பற்றி இன்றும் சிரிப்போடு கதை சொல்வார்கள். அது வீடு முழுமைக்குமான தண்ணீர்! வந்தவர் படித்த பட்டதாரியாக இருப்பார். ஆனால், குளிப்பதற்கும், கைலியை அவிழாமல் கட்டுவதற்கும், சோற்றை வலக்கையால் சிந்தாமல் எடுத்து உண்பதற்கும் அவருக்கு யாராவது கற்றுத்தர வேண்டியிருந்தது. பெரும்பாலும் அந்த ஆசிரியர் பக்கத்து வீட்டுச் சிறுவனாகவே இருப்பான்.

அடுத்தது மொழி. மலாயில் தேங்காய் ‘கெலாப்பா’, தலை ‘கெப்பாலா’. சந்தையில் அவசரத்தில் ஓர் எழுத்து இடம்மாறினால், கடைக்காரரிடம் தலை என்ன விலை என்று கேட்டதாகிவிடும். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் முகம் சிவந்து அன்றிலிருந்து ஆங்கிலத்தையே பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. தாமும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுநாள் அதே கடைக்குச் சென்றவர்களும் உண்டு. அக்காலத்தில் பல பள்ளிகள் ஆங்கிலவழிப் பள்ளிகளாக இருந்ததால் வகுப்பறைக்குள் மலாய் இல்லாமலே காலம் தள்ள முடிந்தது. வகுப்பறைக்கு வெளியே அது முடியவில்லை.

சொற்பொருள் தெரிந்தாலும் பேச்சு புரிந்துவிடுவதில்லை. தெருவில் இறங்கினால் எதிரே வருபவர், “பெர்கி மானா?” என்பார். எங்கே போகிறீர்கள் என்று பொருள். நாளுக்கு நான்கு பேர் இப்படிக் கேட்டால், தம்மை வேவு பார்க்கிறார்களோ என்று புதியவருக்கு எரிச்சல் வரும். சிலர் போகும் இடம், காரணம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். கேட்டவரோ விடையை எதிர்பார்த்திருக்கமாட்டார். “ஜாலான் ஜாலான்”, அதாவது சும்மா உலாவத்தான் என்றால் போதும். “சுடா மாக்கான்?” என்பதும் அப்படித்தான். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது நலம் கேட்பதாகும். நம் வீடுகளில் இதே கேள்வி இல்லையா? “பசியாறியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தானே மற்றப் பேச்சைத் தொடங்குகிறோம். ஆனால், வெளியே புறப்படுபவரை எங்கே என்று கேட்கக் கூடாது, “தூரமா?” என்றுதான் கேட்க வேண்டும் என்பார்கள் நம் பாட்டிமார். மலாய் அண்டைவீட்டாரின் கேள்வி அவர்களுக்கும் தொடக்கத்தில் சற்று உறுத்தியிருக்கக்கூடும்.

இந்த எரிச்சலுக்குப் பண்பாட்டு அதிர்ச்சி என்று பெயர். மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் இதை ஒரு நோயைப் போலவே விவரித்தார். முதலில் எல்லாம் புதுமையாக, இனிமையாகத் தெரியும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து நிலைமை மாறும். குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் அளவுக்கு மீறிய கவலை வரும்; அடிக்கடி கைகழுவத் தோன்றும்; சிறு தாமதத்துக்கும் கோபம் பொங்கும்; அந்நாட்டு மொழியைக் கற்க மனம் மறுக்கும்; பார்வை எங்கோ தொலைவில் நிலைத்திருக்கும். தம் நாட்டவரோடு கூடி உட்கார்ந்து இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் என்று குறைசொல்வதே ஆறுதலாக இருக்கும். மொழி பிடிபடத் தொடங்கியபின் சிக்கல்கள் தீராவிட்டாலும் அவற்றைப் பார்த்துச் சிரிக்க முடியும். அந்தச் சிரிப்பையே குணமாவதன் அறிகுறியாக ஓபர்க் கருதினார். இபாடான் அஞ்சலட்டையும் இத்தகைய திகைப்பில் எழுதப்பட்டதே. வீட்டுக்குச் செல்லும் மூடிய கடிதங்களில் எத்தனை பேர் அதைவிடக் கடுமையாக எழுதினார்களோ! அவர்களுடைய உறைகள் கீழே விழவில்லை.

வேலையிடத்தில் வரும் துன்பம் வேறு வகையானது. உதவ வந்தவர், தம் உதவிக்காக ஊரே காத்திருக்கும் என்று நினைத்திருப்பார். வந்து பார்த்தால் மருத்துவமனை அவர் வருமுன்பே நடந்துகொண்டிருக்கும். பல ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவ உதவியாளருக்கு எந்த நோயாளி மருந்தை நிறுத்திவிடுவார், யார் வீட்டுக்கு எந்தப் பாதையில் செல்ல வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். இருபத்திரண்டு வயதில் வந்தவருக்கு முதல் சில மாதங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும். காலை முதல் மாலை வரை தாம் ஒரு சுமையோ என்ற எண்ணம் வாட்டும். பாதியில் ஊர் திரும்பியவர்கள் உண்டு. வெப்பத்தையும் கொசுவையும் தாங்கியவர்களால் இதைத் தாங்க முடியாமல் போவது வியப்பன்று.

தங்கிவிட்டவர்கள் என்ன செய்தார்கள்? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாணவர்களோடு பந்து விளையாடினார்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் அழைத்தவர் வீட்டுக்கெல்லாம் போனார்கள்; காலணியை வாசலில் கழற்றிவிட்டு, கொடுத்ததை உண்டார்கள். காய்ச்சல் வந்தபோது பக்கத்து வீட்டார் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தார்கள். கஞ்சி கொண்டுவந்த அம்மாவுக்கு அதன்பின் இவர் வெறும் அமெரிக்கராக இருக்கமாட்டார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையாகவே இருப்பார். அவருடைய மகன் கணக்கில் திணறும்போது இரவானாலும் கதவைத் தட்டுவதற்கு அந்த அம்மாவுக்கு இனித் தயக்கம் இருக்காது.

சிங்கப்பூரிலிருந்தும் இன்று தொண்டூழியர்கள் அயல்நாடுகளுக்குச் செல்கிறார்கள். 1991இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம் அப்பணியில் ஈடுபட்டுவருகிறது. அவர்கள் கையில் அஞ்சலட்டைக்குப் பதிலாகக் கைப்பேசி இருக்கிறது. வந்திறங்கிய நாளிலேயே எடுத்த படம், அன்று மாலைக்குள் அவ்வூர்க்காரர்களின் கைப்பேசிக்கும் வந்துவிடும்.

மலாயாவுக்கு வந்தவர்களுக்கோ, பழகிவிட்டோம் என்பதே முதலில் தெரிந்திருக்காது. ஒரு நாள் மாலை மிதிவண்டியில் கடைத்தெருவுக்குப் போகும்போது யாரோ “பெர்கி மானா?” என்று கேட்டிருப்பார். திரும்பிப் பாராமல், வண்டியை நிறுத்தாமல், “ஜாலான் ஜாலான்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.